கிரேக்கக் கடல் விலங்குக் கதைகள்: எந்த வரிசையில் தொகுக்கலாம்?

அக்கா மகளுக்கு ஸ்கில்லாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். செங்குத்துப் பாறையின் நடு உயரத்தில் ஒரு குகை. உள்ளேயிருந்து ஆறு நீளக் கழுத்துகள் வெளியே வருகின்றன. ஒவ்வொரு தலையிலும் மூன்று வரிசைப் பற்கள். கீழே ஒடிசியஸின் கப்பல் போகும்போது தலைக்கு ஒருவராக ஆறு பேரைத் தூக்கிக்கொள்கிறது. பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். "அந்த ஆறு பேரோட பேர் என்ன சித்தி?" என்று கேட்டாள். இந்தக் கதையை ஒடிசி காவியத்தில் பாடிய ஹோமர் சொல்லவில்லை என்றேன். "அவங்க ஒடிசியஸ் பேரைச் சொல்லிக் கத்தினாங்கன்னு சொன்னீங்களே. அவருக்கு அவங்க பேர் தெரியாதா?"

கிரேக்கப் புராணத்தின் கடல் விலங்குகளைத் தமிழில் ஒரு கதைத் தொகுப்பாகக் கொண்டுவர வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. கதைகள் கையில் இருக்கின்றன. தடுமாற்றமெல்லாம் அடுக்குவதில்தான். எது முதலில், எது கடைசியில், எதற்குப் பக்கத்தில் எது என்று பல விதமாகக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். வரிசையை மாற்றினால் புத்தகமே வேறாகிவிடுகிறது. இப்படி ஒரு தொகுப்பை எழுதவோ மொழிபெயர்க்கவோ நினைக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால், நான் யோசித்த வழிகளையும் கடைசியில் எதை எடுத்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

யார் யார் உள்ளே வரக்கூடாது என்று முடிவுசெய்வது சுலபமாக இருந்தது. கிராக்கன் வராது. அது ஸ்காண்டிநேவியக் கடல்களின் கதை. 1981-இல் வந்த ஒரு ஹாலிவுட் படம் ஆன்ட்ரோமிடாவின் கதைக்குள் அதைக் கொண்டுவந்து விட்டதால், கிரேக்கக் கதை என்றாலே பலர் கிராக்கனைத்தான் தேடுகிறார்கள். லெர்னாவின் ஹைட்ரா சதுப்பு நிலத்துப் பாம்பு, அதுவும் வேண்டாம். ஒற்றைக் கண் பாலிஃபீமஸ் கடல்தேவன் பொசைடனின் மகன்தான், ஆனால் அவன் குகையில் ஆடு வளர்ப்பவன்.

பாட்டால் மாலுமிகளை மயக்கும் சைரன்கள் உள்ளே வரலாம், மீன்வால் இல்லாமல். அவற்றின் உருவத்தை ஹோமர் சொல்வதே இல்லை. கிரேக்க ஓவியர்கள் பறவை உடலும் பெண் தலையுமாகத்தான் வரைந்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில், கி.மு. 480 வாக்கில் செய்யப்பட்ட ஒரு ஜாடி இருக்கிறது. ஒடிசியஸ் பாய்மரத்தில் கட்டப்பட்டு நிற்கிறான். ஒரு சைரன் பாறையிலிருந்து தலைகீழாகக் கடலில் விழுகிறது. மீன்வால் எல்லாம் இடைக்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

வீரர்களின் பெயரால் அடுக்குவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். ஹெராக்ளிஸ் ஒரு பகுதி, பெர்சியஸ் ஒரு பகுதி, ஒடிசியஸ் ஒரு பகுதி, யேசோனும் ஆர்கோ கப்பலும் ஒரு பகுதி. பதிப்பாளரிடம் சொல்லவும் எளிது. படிப்பவருக்கும் ஏற்கெனவே ஒன்றிரண்டு பெயர்கள் தெரிந்திருக்கும்.

எழுதிப் பார்த்தபோது இரண்டு கதைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஹெசியோனியின் கதையில் ஒரு ராஜா தெய்வத்தைக் கோபப்படுத்துகிறான். கடல் பொங்குகிறது, ஒரு பெரிய விலங்கு கரைக்கு வருகிறது. மகளைப் பலி கொடு என்கிறது குறி. பாறையில் அவளைக் கட்டுகிறார்கள். அந்த வழியாக வந்த வீரன் ராஜாவிடம் பேரம் பேசிவிட்டு விலங்கைக் கொல்கிறான். ஆன்ட்ரோமிடாவின் கதையும் வரிக்கு வரி இதேதான். முதலாவதில் ஹெராக்ளிஸ், இரண்டாவதில் பெர்சியஸ். வீரன் எப்படிக் கொன்றான் என்பதை மையமாக வைத்தால் இரண்டையும் படிக்க ஒரு காரணமும் இல்லை.

கரையிலிருந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு. ஆன்ட்ரோமிடா தன் தாய் காசியோபியா பேசிய பெருமைக்காகக் கட்டப்படுகிறாள். நெரீயஸின் மகள்களான கடல்மங்கையரைவிடத் தான் அழகு என்று அந்த ராணி சொல்லிவிட்டாள். ஹெசியோனி கட்டப்படுவதற்குக் காரணம் அவள் தந்தை கொடுக்காத கூலி. டிராய் அரசன் லாவோமெடனிடம் பொசைடனும் அப்போலோவும் ஒரு வருடம் வேலை பார்த்தார்கள் என்று ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான இலியட்டின் 21-ஆம் காண்டம் சொல்கிறது. பொசைடன் மதிலைக் கட்டினான், அப்போலோ மாடு மேய்த்தான். வருடம் முடிந்து கூலி கேட்டபோது, காலையும் கையையும் கட்டித் தூரத் தீவுகளில் விற்றுவிடுவேன், காதை அறுத்துவிடுவேன் என்று லாவோமெடன் மிரட்டி அனுப்பினான். பிறகு ஹெராக்ளிஸுக்குத் தருவதாகச் சொன்ன குதிரைகளையும் தரவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவே கொடுக்காத ஒரு மனிதனின் மகள் ஹெசியோனி. அவள் கதையை ஹெராக்ளிஸின் பட்டியலில் ஒரு வரியாகப் போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

வீர வரிசையில் இன்னொரு குறையும் உண்டு. விலங்கு கடைசிப் பக்கத்தில் வரும், வந்தவுடன் செத்துவிடும். அதைப் பற்றித்தான் புத்தகம் என்று அட்டையில் போட்டுவிட்டு இப்படிச் செய்வது சரியல்ல.

மூல நூல்களின் கால வரிசை

கி.மு. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஹோமரில் தொடங்கி, ஹெசியோட், யூரிபிடீஸ், அப்போலோனியஸ், ரோமானியரான வெர்ஜில், ஓவிட், கடைசியில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் பயணி பௌசானியஸ் என்று போகலாம். ஆய்வு மாணவர்களுக்கு நல்ல வரிசை. கதை படிக்க வருகிறவருக்கு இது வேண்டியதில்லை. எந்தக் கதை யார் சொன்னது என்பதை ஒவ்வொரு கதையின் அடியிலும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சொல்லாமல் மட்டும் விடக்கூடாது. வேறு வேறு நூற்றாண்டுக் கதைகளை ஒன்றாகக் குழைத்து "கிரேக்கர்கள் இப்படி நம்பினார்கள்" என்று எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

ஒரே குடும்பமாகப் பார்ப்பது

இந்த வழி என்னை நெடுநாள் பிடித்து வைத்திருந்தது. கி.மு. 700 வாக்கில் ஹெசியோட் எழுதிய தெய்வ வம்சாவளியில் கடல் விலங்குகளுக்கு ஒரு தாய்வீடு இருக்கிறது. பூமித்தாய் கையாவுக்கும் கடலாகிய போன்டோஸுக்கும் ஐந்து பிள்ளைகள். பொய் சொல்லாத கிழவர் என்று பெயரெடுத்த நெரீயஸ், அடுத்து தவுமாஸ், ஃபோர்க்கிஸ், கீட்டோ, யூரிபியா. ஃபோர்க்கிஸும் கீட்டோவும் இணைந்து பெற்றவர்கள்தான் பிறக்கும்போதே நரைத்த கிரையாக்கள், கோர்கன்கள் மூவர், பாதி பெண் பாதி பாம்பான எகிட்னா, பொன் ஆப்பிள்களைக் காக்கும் பாம்பு. கீட்டோ என்ற பெயரே கீட்டோஸ் என்ற சொல்லோடு சேர்ந்தது. கீட்டோஸ் என்றால் கடலின் பெரிய விலங்கு, எதுவாக இருந்தாலும்.

இந்த மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் பழைய கதைகள் திடீரென்று வேறு மாதிரித் தெரிகின்றன. காசியோபியா இழிவாகப் பேசியது நெரீயஸின் ஐம்பது மகள்களை, அதாவது கீட்டோவின் அண்ணன் மகள்களை. அந்த அவமானத்துக்குப் பதிலாக வந்தது ஒரு கீட்டோஸ். பெர்சியஸ் அங்கே வந்து சேரும்போது அவன் பையில் இருப்பது, பார்த்தவரைக் கல்லாக்கும் கோர்கன் மெடூசாவின் தலை. மெடூசா கீட்டோவின் மகள். ஒரே வீட்டில் ஒரு மகளைக் கொன்றுவிட்டு, அதே தலையோடு அடுத்த கொலைக்கு வருகிறான். வீரர் வரிசையில் இது கண்ணிலேயே படாது.

இவ்வளவு பிடித்திருந்தும் இதை ஏன் விட்டேன் என்றால், மரத்தில் கிளைகள் போதவில்லை. ஸ்கில்லாவின் தாய் கிராட்டாயிஸ் என்று ஹோமர் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அப்போலோனியஸ் ஃபோர்க்கிஸை அவள் தந்தை என்கிறார். டிராய்க் கரைக்கு வந்த விலங்குக்குக் குடும்பம் கிடையாது. டிராய்ப் பூசாரி லாவோகூனைக் கொன்ற பாம்புகளுக்கும், கடலிலிருந்து வந்து தீசியஸின் மகன் ஹிப்போலிட்டஸின் குதிரைகளை மிரட்டிய காளைக்கும் யார் தாய் தந்தை என்று யாரும் கவலைப்படவில்லை. பாதிப் பேரை நானாக அந்த மரத்தில் ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது கிரேக்கர் சொன்னதாகாது.

அப்புறம் பெயர்களின் சுமை. தமிழில் படிப்பவர் முதல் பத்துப் பக்கத்திலேயே முப்பது அயல் பெயர்களைத் தாண்ட வேண்டியிருந்தால் பதினோராவது பக்கத்துக்கு வரமாட்டார். நெரீயஸின் மகள்களை ஹெசியோட் பெயர் பெயராக அடுக்கிக்கொண்டே போவார். காதால் கேட்க அது இனிமை, அவர் மொழியில்.

விலங்கே பேசினால்?

ஸ்கில்லா தன் கதையைத் தானே சொல்கிறாள், கரிப்டிஸ் தன் தாகத்தைச் சொல்கிறாள் என்று தன்மையில் எழுதலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒரு கதை எழுதியும் பார்த்தேன். ஹோமரில் ஸ்கில்லாவுக்கு ஒரு குரல் இருக்கிறது. அவ்வளவு பெரிய உருவம், அதன் குரலோ அப்போதுதான் பிறந்த நாய்க்குட்டியின் குரல். நாய்க்குட்டிக்குக் கிரேக்கத்தில் ஸ்கிலாக்ஸ், ஸ்கில்லாவின் பெயருக்குள்ளேயே அந்த ஒலி கேட்கிறது. பாறை உச்சி மேகத்துக்குள் மறைந்திருக்கிறது, கீழிருந்து அம்பு விட்டாலும் குகைக்கு எட்டாது, அங்கிருந்து ஒரு குட்டி முனகுவதுபோலச் சத்தம் வருகிறது. நான் படித்த பயங்கரங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. என் கதையில் ஸ்கில்லா கோர்வையாக வாக்கியம் பேசத் தொடங்கியதும் அந்த முனகல் காணாமல் போய்விட்டது. கரிப்டிஸ் இன்னும் மோசம். அதற்கு உடல் உண்டென்றே ஹோமர் சொல்லவில்லை. ஒரு நாளில் மூன்று முறை கடலை உறிஞ்சும், மூன்று முறை உமிழும். அதைப் பேச வைத்தால் அது வேறு யாரோ.

கரை கரையாக

கடைசியில் நான் எடுத்துக்கொண்டது வரைபட வழி. ஒவ்வொரு கதையும் ஒரு கரையில் நிற்கும். ஒரு கரையிலிருந்து அடுத்த கரைக்குக் கப்பல்போலப் புத்தகம் நகரும்.

இதற்கு எதிரான வாதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தனிஸ் ஒடிசியஸ் சுற்றிய இடங்களைத் தேடுகிறவர்களைப் பார்த்து ஒன்று சொன்னார். ஒடிசியஸுக்குக் கிடைத்த, காற்றுகளை அடைத்து வைத்த பையைத் தைத்த தோல் தொழிலாளியை முதலில் கண்டுபிடியுங்கள், அப்போது இடங்களும் கிடைக்கும் என்றார். நியாயமான பேச்சு. ஹோமரில் ஸ்கில்லாவின் பாறைக்கும் கரிப்டிஸின் பாறைக்கும் நடுவே ஒரு அம்பு எட்டும் தூரம்தான். இத்தாலிக்கும் சிசிலிக்கும் நடுவிலுள்ள மெசினா நீரிணை மிகக் குறுகிய இடத்திலேயே சுமார் 3 கிலோமீட்டர். இரண்டும் பொருந்தாது.

ஆனால் அந்தக் கரை மக்கள் கதையை எடுத்துத் தங்கள் ஊரில் வைத்துக்கொண்டார்கள். ஒடிசியஸ் கடந்ததாகச் சொல்லப்படும் கரிப்டிஸ் இந்த நீரிணைதான் என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். டிரேனியக் கடலும் அயோனியக் கடலும் அங்கே முட்டுகின்றன. நீரோட்டம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறுகிறது, மாறும்போது சுழிகள் எழுகின்றன. கரிப்டிஸ் மூன்று முறை உறிஞ்சும் என்பது இரண்டு முறை என்றிருக்க வேண்டும் என்று பழங்காலத்திலேயே வாதாடினார்கள். கலாப்ரியாக் கரையில் ஷில்லா என்ற ஊர் இன்றும் இருக்கிறது.

அந்த ஊர்ப் பாறையடியில் வாள்மீன் பிடிக்கும் முறையை வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விவரித்ததாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். உயரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து மீன் வருவதைப் பார்த்துச் சொல்வான். இரண்டிரண்டு பேர் ஏறிய சிறு படகுகள் காத்திருக்கும், ஒருவன் துடுப்புப் போட, இன்னொருவன் ஈட்டியோடு நிற்பான். ஹோமரில் ஸ்கில்லா செய்வதும் அதையேதான் என்பது பாலிபியஸின் கருத்து. மேலேயிருந்து பார்த்து டால்பினையும் சுறாவையும் பிடிக்கிறாள். நான் ஒடிசியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆறு பேரும் மேலே இழுக்கப்படும் இடத்தில் ஹோமர் ஒரு உவமை வைக்கிறார். பாறையில் நின்று நீளத் தூண்டில் போட்டு மீனைத் துடிக்கத் துடிக்க வெளியே எறிகிற மீனவன்போல என்று. ஒரு கணம் நாம் மீன், அவள் மீனவச்சி. கரையையும் அதன் தொழிலையும் அறிந்தவர்களுக்கு அந்த உவமை எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தபோதுதான் வரைபட வழி எனக்கு உறுதியானது.

கரையாக அடுக்கும்போது தானாகச் சேர்ந்துகொள்கிற கதைகளும் உண்டு. டிராயின் கடற்கரையைப் பாருங்கள். ஹெசியோனியை விலங்கிடமிருந்து காப்பாற்றிய ஹெராக்ளிஸ் பிறகு குதிரைகள் கிடைக்காத கோபத்தில் படையோடு வந்து நகரத்தைப் பிடிக்கிறான். ஹெசியோனியைத் தன் தோழன் டெலமோனுக்குக் கொடுத்துவிட்டு, கைதிகளில் ஒருவரை மட்டும் நீ மீட்டுக்கொள்ளலாம் என்கிறான். அவள் தலைத் துணியைக் கழற்றி விலையாகக் கொடுத்துத் தம்பியை மீட்கிறாள். விலைக்கு வாங்கப்பட்டவன் என்பதால் அவனுக்குப் பிரியாம் என்று பெயர் வந்ததாக அப்போலோடோரஸின் நூல் சொல்கிறது. அந்தப் பிரியாம் கிழவனான பிறகு அதே கரையில் கிரேக்கர் விட்டுப்போன மரக்குதிரை நிற்கிறது. அதன்மேல் ஈட்டி எறிந்த பூசாரி லாவோகூனையும் அவன் இரண்டு மகன்களையும் டெனெடோஸ் தீவுப் பக்கமிருந்து நீந்திவந்த இரண்டு பாம்புகள் சுற்றிக் கொல்கின்றன. 1506-இல் ரோமில் மண்ணிலிருந்து எடுத்த அந்தச் சிலையைப் பலர் படத்தில் பார்த்திருப்பார்கள். ஒரு விலங்கு வந்தபோது அக்கா தப்பினாள், தம்பியை மீட்டாள். அடுத்த விலங்கு வந்தபோது தம்பியின் நகரம் போயிற்று. வீரர் வரிசையில் ஒன்று ஹெராக்ளிஸ் பகுதியிலும் மற்றது யாருடைய பகுதி என்றே தெரியாமலும் கிடக்கும்.

ஹெசியோனியின் கதைக்கு நான் எடுத்துக்கொள்ளப் போகும் சான்று பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் இருக்கிறது. கி.மு. 550 வாக்கில் கொரிந்தில் செய்யப்பட்ட ஒரு கலயம். ஹெராக்ளிஸ் அம்பு விடுகிறான். ஹெசியோனி கட்டப்பட்டு நிற்கவில்லை, கல்லை எடுத்து விலங்கின்மேல் எறிகிறாள். விலங்கின் தலை மற்ற ஓவியங்களில் இருப்பதுபோல இல்லாமல் பாறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை மண்டையோடாக இருக்கிறது. கரைப் பாறையில் வெளிப்பட்ட தொல்லுயிர் எலும்பைப் பார்த்துத்தான் ஓவியர் வரைந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் ஏட்ரியன் மேயரின் கருத்து. ஹெராக்ளிஸும் அசையாமல் நின்று ஜெயித்தவன் இல்லை. விலங்கு துரத்தும்போது ஓடிப் புகுந்துகொள்ள டிராய்க்காரர்களும் அத்தீனாவும் அவனுக்காக எழுப்பிக் கொடுத்த மண்மேட்டைப் பற்றி இலியட்டிலேயே வருகிறது. கல்லெறியும் பெண்ணும் ஓடிப் பதுங்கும் வீரனும். இதைத்தான் எழுத ஆசை.

ஆன்ட்ரோமிடாவின் கரை எது என்பதில் மட்டும் சிக்கல். அவள் தந்தை கெஃபியஸ் எத்தியோப்பிய அரசன். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் அவள் சங்கிலியின் தடத்தை இன்றைய இஸ்ரேலில் உள்ள யாஃபா துறைமுகத்தின் பாறையில் காட்டினார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதுகிறார். அந்த விலங்கின் எலும்புகள் என்று சொல்லி மார்கஸ் ஸ்காரஸ் யாஃபாவிலிருந்து ரோமுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். கி.மு. 58-இல் அவர் நகரப் பொறுப்பில் இருந்தபோது நடந்தது. நீளம் 40 அடி, விலா எலும்புகள் இந்திய யானையைவிட உயரம், முதுகெலும்பின் பருமன் ஒன்றரை அடி என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அளவு கொடுக்கிறார். நான் யாஃபாவை எடுத்துக்கொள்கிறேன். அரசன் எத்தியோப்பியன் என்பதைக் கதைக்குள்ளேயே சொல்லிவிடுவேன். மெடூசாவுக்கென்று தனிக் கதை இந்த வரிசையில் கிடைக்காது, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் சண்டை முடிந்து பெர்சியஸ் கை கழுவும்போது அந்தத் தலையைக் கடற்பாசி பரப்பி அதன்மேல் வைப்பதாகவும், பட்ட பாசியெல்லாம் பவளமாக இறுகியதாகவும் ஓவிட் எழுதுகிறார். அவளும் இந்தக் கரையில் இருப்பாள்.

கிரேக்கத்தின் டிரோசென் கரையின் காளையை விட்டுவிடாதீர்கள் என்று இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சொல்வேன். கி.மு. 428-இல் யூரிபிடீஸுக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்த நாடகத்தில் வருகிறது. தீசியஸ் விசாரிக்காமல் மகன் ஹிப்போலிட்டஸைச் சபிக்கிறான். எதிர்க் கரையே மறையும் அளவுக்கு ஓர் அலை எழுந்து அதிலிருந்து காளை இறங்குகிறது. அது ஹிப்போலிட்டஸைத் தொடுவதே இல்லை. தேரின் பக்கத்தில் சத்தமில்லாமல் கூடவே ஓடி வருகிறது. குதிரைகள் மிரண்டு சக்கரம் பாறையில் மோதும்வரை.

சொல் தேர்வு

வரிசையைவிடச் சிறிய விஷயம், ஆனால் முதல் பக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். அரக்கன் என்று எழுதினால் நம் மனத்தில் அரண்மனையும் தவமும் வரமும் உள்ள ஒருவன் வந்து நிற்கிறான். பூதம் என்றால் கோயில் வாசலுக்குப் போய்விடுகிறோம். திமிங்கிலம் ஒரு காலத்தில் பொருந்தியிருக்கும். திமி என்ற பெருமீனையே விழுங்குவது என்பதுதான் அதன் பொருள். இன்று அது பாடப்புத்தகத்துப் பாலூட்டியாகிவிட்டது. கதைக்குள் பொதுவாகக் கடல் விலங்கு என்றும், வேண்டிய இடத்தில் கீட்டோஸ் என்றும் எழுதப் போகிறேன். பழைய உச்சரிப்புக்கு நெருக்கமாகக் கேட்டோஸ் என்று எழுதலாம்தான், தமிழில் அது "கேட்டோம்" என்பதன் எழுத்துப்பிழை மாதிரி இருக்கிறது. இன்றைய கிரேக்கர் உச்சரிப்பது ஏறக்குறைய கீட்டோஸ், அதுவே இருக்கட்டும். ஆங்கில வழியாக வந்த சில்லா, சீட்டஸ் இரண்டையும் தவிர்க்கிறேன். சில்லா என்றால் நமக்குக் காதில் விழுவது வேறு.

இரண்டு ஸ்கில்லாக்கள்

ஹோமரின் ஸ்கில்லாவுக்கு இளமை கிடையாது. ஓவிட்டின் ஸ்கில்லா ஒரு பெண். கடற்கரை மணலில் நடந்து களைத்து, ஒரு சிறு குடாவில் குளிக்கிறவள். கிளாவ்கஸ் அவளைப் பார்த்து ஆசைப்படுகிறான். கிரேக்கத்தின் போயோஷியாப் பகுதியிலுள்ள அந்தேடனில் மீனவனாக இருந்தவன் அவன். பிடித்த மீன்கள் ஒரு புல்லில் புரண்டு உயிர் பெற்றுக் கடலுக்குத் திரும்புவதைப் பார்த்துத் தானும் அந்தப் புல்லைத் தின்று கடல்தேவன் ஆனவன். அவள் ஓடிவிடுகிறாள். மாயக்காரி கிர்க்கியிடம் மருந்து கேட்டுப் போகிறான். கிர்க்கிக்கு அவன்மேலேயே ஆசை. மறுக்கப்பட்ட கோபத்தில் அந்தக் குடாவில் விஷம் கலக்கிறாள். இடுப்பளவு நீரில் இறங்கிய ஸ்கில்லா தன்னைச் சுற்றி நாய்கள் குரைப்பதைப் பார்த்து, தன் உடல்தான் என்று தெரியாமல் தள்ளிவிட்டு ஓடப் பார்க்கிறாள். ஓடும்போது நாய்களும் கூடவே வருகின்றன.

எது உண்மையான ஸ்கில்லா என்று கேட்டுப் பயனில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள். ஒன்றோடொன்று கலந்தால் ஹோமரின் பயமும் போகும், ஓவிட்டின் துயரமும் போகும். பெண்ணின் கதையை முதலில் சொன்னால், அந்தக் குகையை யாரும் பயத்தோடு பார்க்கமாட்டார்கள். அதனால் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன், புத்தகத்தின் இரண்டு முனைகளில். வரைபட வழி இதற்கும் இடம் கொடுத்தது. மெசினா நீரிணையில் ஹோமரின் பாறையோடு தொடங்கி, ஆர்கோ கப்பலிலிருந்து பாட்டைக் கேட்டுக் கடலில் குதித்த பூட்டிஸின் சைரன் கதை, டிரோசென் காளை, டிராயில் இரண்டு, யாஃபா என்று கிழக்கே போகிறது. அங்கிருந்து போயோஷியாவுக்குத் திரும்பினால் தனாக்ரா. மாட்டைத் திருடிய, பாதி மனிதன் பாதி மீனான டிரைட்டனுக்கு ஊர்க்காரர்கள் கரையில் மதுவை வைக்க, அது குடித்துத் தூங்கியபோது ஒருவன் தலையை வெட்டினான் என்று பௌசானியஸ் ஒரு கதை சொல்கிறார். தலையில்லாத டிரைட்டனை அந்த ஊரில் பார்த்ததாகவும் எழுதுகிறார். அதே பயணத்தில் சற்றுத் தள்ளி அந்தேடனுக்கும் வருகிறார், கிளாவ்கஸின் ஊருக்கு. அங்கிருந்து கிளாவ்கஸோடு மேற்கே நீந்தினால் மறுபடி அதே நீரிணை, இந்த முறை மணலில் நடக்கும் ஒரு பெண். மொத்தம் ஒன்பது கதைகள்.

முதல் கதையில் அந்த ஆறு பேருக்கு நானே பெயர் வைத்துவிடலாமா என்று யோசித்தேன். பாலிடிஸ், யூரிலோகஸ், எல்பெனோர் என்று ஒடிசியில் வேறு தோழர்களுக்குப் பெயர் இருக்கிறது. புதிதாக ஆறு பெயர் வைப்பது பெரிய வேலையில்லை. ஆனால் அக்கா மகள் கேட்ட கேள்வி அப்போது அடங்கிவிடும். கிர்க்கி முன்கூட்டியே சொல்லியிருந்தும் ஒடிசியஸ் ஸ்கில்லாவைப் பற்றி அவர்களிடம் வாய் திறக்கவில்லை, சொன்னால் துடுப்பை விட்டுவிட்டு உள்ளே ஒளிவார்கள் என்று. அவன் ஈட்டிகளோடு அணியத்தில் நின்று பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் கரிப்டிஸைப் பார்த்த ஒரு கணத்தில் அது நடந்தது. கடைசி முறையாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அன்று மாலை மீதிப் பேர் ஒரு தீவில் இறங்கிச் சமைத்தார்கள், பசி தீரச் சாப்பிட்டார்கள், குடித்தார்கள். அதற்குப் பிறகுதான் போனவர்களை நினைத்து அழுதார்கள், அழுதபடியே தூங்கிப்போனார்கள் என்கிறார் ஹோமர். என் முதல் கதையும் அந்த இரவில் முடியும்.